பொத்தானுக்கு ஆடியவர்கள்

"சாந்தகுமாரியா? மூணு வாரமா அடுத்த வண்டியிலதானே வர்றாங்க."

திருவள்ளூர் பிளாட்பாரத்தில் யாரோ யாரிடமோ சொன்னது, பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டிருந்த வேதவல்லியின் காதில் விழுந்தது.

கையில் போன் இல்லாத காலம் அது. காலை வண்டியில் நான்கு பெண்கள் மடிமேல் ஒரு துண்டை விரித்து, அம்பத்தூர் வரும்வரை போக்கர் ஆடுவார்கள். பந்தயம், சட்டைப் பொத்தான்கள். துணிக் கம்பெனியில் வேலை பார்த்த ஐரிஸ் கொண்டுவந்தவை. ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். அவளுக்கு வயது இருபத்தாறு. நாற்பத்தேழு வயது வேதவல்லி அவளைக் குருவே என்று கூப்பிடுவாள். கேலியாகத் தொடங்கியது, பழகிவிட்டது.

மூன்றாவது ஆள் நூர்ஜஹான். நான்காவது, வேதவல்லியின் பன்னிரண்டு வருடச் சிநேகிதி சாந்தகுமாரி. மூன்று வாரம் முன்பு, சீட்டைக் கவிழ்த்து விலகாமல் தோற்றுக்கொண்டே இருந்தவளைப் பார்த்து, "உனக்கு எந்தக் காலத்துலடி எதை விடத் தெரிஞ்சிருக்கு" என்று வேதவல்லி சொல்லிவிட்டாள். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்க வேதவல்லிக்குக் கால் எழவில்லை. லீவில் இருப்பாள் என்று இதுவரை நினைத்துக்கொள்ள முடிந்தது. இன்று அதுவும் போயிற்று.

அன்றைய ஆட்டத்தில் நூர்ஜஹான் ஐந்து சீட்டில் மூன்றை வைத்துக்கொண்டு இரண்டை மட்டும் மாற்றினாள். ஐரிஸ் முன்பே விலகியிருந்தாள். வேதவல்லிக்குச் சந்தேகமே இல்லை. மூன்றும் ஒரே எண்ணாகத்தான் இருக்கும், இரண்டு ஜோடியை அது வென்றுவிடும். தன்னிடம் இரண்டு ஜோடி இருந்தும் சீட்டைக் கவிழ்த்துவிட்டாள்.

நூர்ஜஹான் பொத்தான்களை வாரிக்கொண்டு தன் சீட்டைக் காட்டினாள். நான்காம் எண்ணில் ஒரே ஒரு ஜோடி. கூடவே ஒரு சிவப்பு ராணி.

அந்த ராணியை எதற்கு வைத்திருந்தாய் என்று வேதவல்லி கேட்டாள்.

"லட்சணமா இருக்காளேக்கா. தூக்கிப்போட மனசு வரலை."

எதிர் இருக்கைக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். வேதவல்லி சிரிக்கவில்லை. அடுத்தவர் கையில் இருப்பது உனக்கு மட்டும் எப்படித் தெரிகிறது என்று ஐரிஸிடம் கேட்டாள்.

தெரியாது என்றாள் ஐரிஸ். என்னவெல்லாம் இருக்கலாமோ அத்தனையையும் முதலில் மனதில் வைத்துக்கொள்வாளாம். அவர்கள் ஒன்று செய்யும்போது, அதற்கு ஒத்துவராததை மட்டும் எடுத்துவிடுவாளாம். அதுவும் பொத்தானுக்கு ஆடுபவர்களிடம் அவசரப்பட்டு எடுக்கக் கூடாது, பிடித்திருந்தால் எதையும் வைத்திருப்பார்கள் என்றாள்.

பட்டாபிராம் போனது. வேதவல்லி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"சாந்தா அடுத்த வண்டியில வர்றாளாம். என் மூஞ்சியில முழிக்கப் பிடிக்கலை."

"வேற என்ன இருக்கலாம்?" என்றாள் ஐரிஸ்.

"வேற என்ன இருக்கும்?"

ஐரிஸ் சீட்டுகளைக் கலைத்துக்கொண்டே காத்திருந்தாள்.

"மாமியாருக்குக் காலையில கூட யாராவது இருக்கணும்னு சொல்லிட்டிருந்தா," என்றாள் வேதவல்லி. "ஆபீஸ் நேரம் மாத்தப் போறாங்கன்னும் ஒரு பேச்சு இருந்துச்சு. நானா வந்து கேக்கட்டும்னு பாக்கறாளோ என்னவோ."

பிறகு, "கோபமும் இருக்கலாம்," என்றாள்.

"இருக்கலாம். அதையும் எடுத்துடாதீங்கக்கா."

அம்பத்தூர் வந்தது. ஐரிஸ் இறங்கிப் போனாள். இன்னும் பல ஸ்டேஷன் தாண்டி அலுவலகம் போக வேண்டியவள், அதுவரை ஒருநாள்கூடத் தாமதமாகப் போகாத வேதவல்லியும் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பிளாட்பாரத்தில் நடந்து, அடுத்த வண்டியின் பெண்கள் பெட்டி வந்து நிற்கும் இடத்தில் போய் நின்றாள்.