முதுகின் அளவு

"எல்லாருக்கும் பொருந்துது டீச்சர். எனக்கு மட்டும் பொருந்த மாட்டேங்குது."

குணவதி இதைச் சொன்னபோது செலின் டீச்சர் ஒரு பாவாடையின் அடிமடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எது?"

"ஜாக்கெட்."

"எத்தனை தைச்சீங்க?"

"மூணு."

செலின் பிரித்த நூலை விரலில் சுற்றிக் குப்பைக்கூடையில் போட்டாள். அடுத்த தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

ஏற்காட்டில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கிற ஓர் அறையில் செலின் தையலும் பின்னலும் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கு முப்பத்துநாலு வயது. குணவதிக்கு ஐம்பத்துமூன்று. ஒருத்தி 'அக்கா' என்பாள், மற்றவள் 'டீச்சர்' என்பாள். அதில் இருவருக்கும் சங்கடம் ஏதும் இருந்ததில்லை.

செலின் அதிகம் பேசமாட்டாள். வாயில் எப்போதும் இரண்டு குண்டூசியைக் கடித்துக்கொண்டிருப்பதால்தான் பேச்சுக் குறைவு என்று வகுப்பில் சொல்வார்கள். ஊசியை எடுத்த பிறகும் அவள் பேசியதில்லை என்பது வேறு விஷயம்.

குணவதி ஐம்பத்தொன்றாவது வயதில் ஊசியைக் கையில் எடுத்தவள். எடுத்த பிறகு கீழே வைக்கவில்லை. மகள் தேன்மொழிக்கு ஐந்து சுடிதார். பேத்திக்குக் கவுன், குல்லா, கம்பளிக் காலுறை. மகன் வேந்தனுக்கு முழுக்கைச் சட்டை, காலர் கத்தி மாதிரி நிற்கும். கணவர் மாதையன் மின்வாரியத்தில் லைன்மேன். கம்பத்தின் மேல் அடிக்கிற காற்றுக்கு என்று அவருக்குக் கையில்லாத ஸ்வெட்டர் ஒன்று பின்னிக்கொடுத்தாள். இரண்டு குளிர்காலமாக அவர் அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டுதான் கம்பம் ஏறுகிறார்.

பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் தோளைப் பார்த்தாலே 'பதினெட்டு' என்று அவளுக்குத் தோன்றிவிடும். தப்பாது.

தை மாதம் வேந்தனுக்கு நிச்சயதார்த்தம். அன்றைக்கு வீட்டில் ஒருத்தர் விடாமல் தன் கையால் தைத்ததைத்தான் உடுத்த வேண்டும் என்று குணவதி முடிவு செய்திருந்தாள். எல்லாருக்கும் தைத்து, தேய்த்து, மடித்து வைத்தாயிற்று. அவளுடையது மட்டும் பாக்கி. மயில்கழுத்து நிறத்தில் பட்டுச்சேலை. அதோடு சேர்ந்து வந்த ஜாக்கெட் துணி ஒன்றே ஒன்று. வெட்டினால் வெட்டியதுதான்.

அதனால்தான் முதலில் பருத்தித் துணியில் தைத்துப் பார்த்தாள். முதலாவது வலது அக்குளில் இழுத்தது. இரண்டாவது பின்கழுத்தில் வாய் பிளந்தது. மூன்றாவது, எப்படித் தூக்கிவிட்டாலும் வலது தோளிலிருந்து நழுவியது.

"தப்பு எங்கேன்னு தெரியலை டீச்சர். தையல் சுத்தமா இருக்கு. பாருங்க."

செலின் மூன்றையும் வாங்கிப் பார்த்தாள். தையல் சுத்தமாகத்தான் இருந்தது.

"அளவு எடுத்தது யாரு?"

"நான்தான்."

செலின் தன் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து நீட்டினாள்.

"உங்க முதுகு அகலம் எவ்வளவு? அளந்து சொல்லுங்க."

குணவதி கண்ணாடி முன்னால் போய் நின்றாள். டேப்பின் ஒரு நுனியை இடது தோளுக்கு மேல் விட்டாள். வலது கையைப் பின்னால் வளைத்து அதைப் பிடிக்கப் பார்த்தாள். டேப் சுருண்டது. உடம்பைத் திருப்பி, கழுத்தை ஒடித்து, எண்ணைப் படித்தாள்.

"பதினாலரை."

"மறுபடி."

"பதினாறு."

"மறுபடி."

"பதினஞ்சு."

செலின் டேப்பை வாங்கிக்கொண்டாள். குணவதி இரண்டு கையையும் விரித்து, முதுகைக் காட்டி நின்றாள்.

"நீங்களே எடுத்துடுங்க டீச்சர். ரெண்டு நிமிஷ வேலை."

பின்னால் ஒன்றும் நடக்கவில்லை. திரும்பிப் பார்த்தால், செலின் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"வீட்ல எத்தனை பேரு அக்கா?"

"இப்ப அவரு, நான், பையன். மூணு பேரு."

"அவங்களுக்குக் கை இருக்கா?"

குணவதிக்குச் சுருக்கென்றது.

"அவரு கம்பம் ஏர்றவரு டீச்சர். அவருக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

"டேப்புல நம்பர் போட்டிருக்கு."

அவ்வளவுதான். செலின் பாவாடைக்குத் திரும்பிவிட்டாள்.

குணவதி இறக்கத்தில் விறுவிறுவென்று நடந்து வீட்டுக்கு வந்தாள். கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் அவள் வீட்டில் யாரிடமும் ஒரு கை கொடுங்கள் என்று கேட்டதில்லை. காய்ச்சல் அடித்தாலும் சோறு வடித்துவிட்டுத்தான் படுப்பாள். மேட்டில் இருக்கிற வீடு அவர்களுடையது. குழாய்த் தண்ணீர் ஏறாது. கீழ்த்தொட்டியிலிருந்து தினமும் காலையில் எட்டு நடை தண்ணீர் சுமப்பாள். அதையும் யாரும் எழுந்திருக்கும் முன்னால் முடித்துவிடுவாள். இதையெல்லாம் அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் உண்டு.

இப்போது ஒரு ஜாக்கெட்டுக்காகப் போய்க் கேட்பதா?

மறுநாள் யாரும் இல்லாத நேரத்தில் அடுக்களைச் சுவரோடு முதுகை ஒட்டி நின்றாள். சாக்பீஸால் இரண்டு தோளுக்கும் பக்கத்தில் கோடு போட்டாள். விலகி வந்து சுவரை அளந்தாள். அந்த அளவுக்கு நாலாவது ஜாக்கெட்டை வெட்டித் தைத்தாள். போட்டுக்கொண்டு மேல் தட்டிலிருந்த பருப்பு டப்பாவை எடுக்கக் கையைத் தூக்கினாள். கை பாதியில் நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை அதைப் பிரித்தாள். சனிக்கிழமை சும்மா இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசல் முழுக்கப் பனிமூட்டம். வேந்தன் சேலத்துக்குப் போயிருந்தான். மாதையன் வாசற்படியில் உட்கார்ந்து, கம்பம் ஏறும்போது கட்டுகிற பெல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். குணவதி பின்னால் வந்து நின்றாள். இரண்டு தடவை உள்ளே போனாள். மூன்றாவது தடவை வந்தாள்.

"இதைக் கொஞ்சம் பிடிங்களேன்."

மாதையன் டேப்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"எதுக்கு?"

"எனக்கு ஜாக்கெட் தைக்கணும். அளவெடுக்கணும்."

"நானா?"

"எனக்கு முதுகு எட்டலை."

அவர் பெல்ட்டைக் கீழே வைத்தார். கையை லுங்கியில் துடைத்தார். முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போய் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார்.

"எங்கேருந்து எங்கே?"

"இந்தத் தோள் எலும்பு முடியற இடத்துலேருந்து அந்தத் தோள் எலும்பு வரைக்கும்."

இருபத்தாறு வருஷமாக இரண்டு கம்பங்களுக்கு நடுவே கம்பி எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்று கண்ணாலேயே சொல்லிவந்த மனுஷர். டேப்பை வைத்தார். எடுத்தார். ஓர் அடி பின்னால் போய்ப் பார்த்தார்.

"நேரா நில்லு."

"நேராத்தான் நிக்கிறேன்."

"இல்லை. வலது பக்கம் இறங்கியிருக்கு."

"ஜாக்கெட் நழுவியிருக்கும்."

"ஜாக்கெட் இல்லை. தோள்."

அவர் அவளைச் சுவரோரம் நிறுத்தினார். தரையிலிருந்து இடது தோள் வரை அளந்தார். வலது தோள் வரை அளந்தார். மறுபடி இரண்டையும் அளந்தார்.

"முக்கால் இஞ்ச்."

குணவதி தன் வலது தோளைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாது. ஊர் தோளையெல்லாம் பார்த்தவளுக்குத் தன் தோள் தெரியாது.

"எத்தனை நாளா இப்படி?"

"தெரியலை."

 டேப் இன்னும் அவள் முதுகில் இருந்தது.

"வாளியை எந்தக் கையில தூக்குவே?"

"வலது கையில. இடது இடுப்புல குடம் இருக்குமில்ல."

 நாள்காட்டியிலிருந்து போன மாதத் தாளைக் கிழித்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்தார். ஒவ்வோர் அளவாக அவள் சொல்லச் சொல்ல எடுத்து எழுதினார். மார்புச் சுற்றளவு வந்தபோது சத்தமாகப் படித்தார்.

"நாப்பத்தொண்ணு."

"பொய் சொல்லாதீங்க. முப்பத்தெட்டுதான்."

"டேப்பு சொல்லுது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் டேப் நழுவியது. "அசையாதே, நாப்பத்திரெண்டாயிடப் போவுது" என்றார் அவர். இருவரும் இப்படி நின்று எத்தனை வருஷமாயிற்று என்று குணவதி நினைத்துப் பார்த்தாள். கணக்கு வரவில்லை.

திங்கட்கிழமை விடியற்காலை எழுந்து அவள் குடத்தைத் தேடினாள். இடத்தில் இல்லை. அடுக்களையில் இருந்தது. நிறைந்திருந்தது. வாளியும், தவலையும், குளிக்கிற அண்டாவும் நிறைந்திருந்தன. மாதையன் ஈரக்காலோடு உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன இது?"

"தண்ணி."

செவ்வாய்க்கிழமையும் அப்படியே. புதன்கிழமை அவர் பழைய பைப் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அந்த வாரக் கடைசியில் கீழ்த்தொட்டியருகே சின்ன மோட்டார் ஒன்று உறுமியது. மேட்டு வீட்டில் முதல்முறையாகக் குழாயில் தண்ணீர் விழுந்தது. அடுக்களைக் குழாயை அவள் திறந்து பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்து பார்த்தாள்.

அடுத்த வகுப்புக்குப் பட்டுத்துணியும் நாள்காட்டித் தாளுமாகப் போனாள்.

செலின் தாளை வாங்கிப் படித்தாள். மொத்தம் பதினைந்து அளவுகள். வலது தோள், இடது தோள் என்று தனித்தனியாக எழுதி, நடுவில் ஒரு கோடு போட்டு, இறக்கம் முக்கால் என்று குறித்திருந்தது. கம்பி தொய்வுக்குப் போடுகிற படம் போல ஒரு படமும் இருந்தது.

செலின் வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து ஊசி குத்திவைக்கும் சின்னத் தலையணையில் குத்தினாள்.

"நல்லா எடுத்திருக்காரு."

குணவதி துணியை மேசையில் விரித்தாள். சாக்பீஸை எடுத்தாள். கோடு போடாமல் நின்றாள்.

"டீச்சர், வலது தோள்ல உள்ளே ஒரு பேட் வெச்சுத் தைச்சுடட்டுமா? ரெண்டும் சமமாத் தெரியும்."

"எதுக்கு?"

"இறங்கியிருக்கிறது வெளியே தெரியக் கூடாதில்ல."

"யாருக்கு?"

 பெண் வீட்டாருக்கு என்று குணவதி சொல்ல நினைத்தாள். நாள்காட்டித் தாளைப் பார்த்தாள். படத்தில் அந்தக் கோடு பளிச்சென்று சரிந்திருந்தது.

பேட் வைக்கவில்லை. வலது பக்கத்தை வலது பக்கத்தின் அளவுக்கு வரைந்தாள், இடதை இடதின் அளவுக்கு. கத்தரிக்கோலை எடுத்து, ஒரே மூச்சில் பட்டுத்துணியை வெட்டினாள்.

நிச்சயதார்த்தத்தன்று பெண்ணின் தலையில் பூ வைக்க அவள் இரண்டு கையையும் உயரத் தூக்கினாள். ஜாக்கெட் எங்கேயும் இழுக்கவில்லை. பின்கழுத்து படிந்து நின்றது. தோள் நழுவவில்லை. பெண்ணின் அம்மா கிட்டே வந்து தொட்டுப் பார்த்து, "சேலம் டெய்லரா?" என்று கேட்டாள்.

"வீட்லயே தைச்சது" என்றாள் குணவதி. எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த மாதையன் தலையைக் குனிந்து வேட்டியின் கரையைச் சரிசெய்தார்.

இரண்டு நாள் கழித்து, தட்டில் வெற்றிலை, பழம், இனிப்பு எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு அவள் செலின் வீட்டுக்குப் போனாள். நடந்ததையெல்லாம் சொன்னாள். தண்ணீர் வந்ததைச் சொன்னாள். இப்போது சாயங்காலங்களில் அவர் நூல்கண்டைக் கையில் மாட்டிப் பிடித்துக்கொள்வதையும், பின்னலில் எத்தனை கண்ணி போட்டாய் என்று கேட்டு எண்ணுவதையும் சொன்னாள். பேசிக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிறுத்தினாள்.

"ஒண்ணு கேக்கணும் டீச்சர். அன்னைக்கு நான் கையை விரிச்சு நின்னப்பவே நீங்க அளவு எடுத்திருக்கலாமே? எனக்கு நாலாவது ஜாக்கெட் வீணாயிருக்காது. ரெண்டு வாரம் மிச்சமாயிருக்கும். டேப்பு உங்க கையிலதானே இருந்துச்சு?"

செலின் தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்தாள்.

"எடுத்திருக்கலாம்."

"பின்னே?"

"எடுத்திருந்தா ஜாக்கெட் மட்டும்தான் வந்திருக்கும் அக்கா."