தலைமாட்டில் சொல்லப்பட்ட பெயர்

கடைசியில் நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஆகவே சின்ன விஷயங்களையும் விட்டுவிடாமல் கேளுங்கள்.

ஈரானின் மேற்கு எல்லையில், குர்து மக்கள் வாழும் மலைநாட்டில் ஒரு சிற்றூர். அந்த இலையுதிர் காலத்தில் அரசை எதிர்த்து ஊரே கடையடைத்துவிட்டுத் தெருவுக்கு வந்தது. சதுக்கத்தில் படையினர் சுட்டார்கள். அன்று போனவர்களில் இருவர் வீடு திரும்பவில்லை. ஒருவன் ஹேமின், ரூனாக் என்ற விதவையின் ஒரே மகன். மற்றவன் சீவான், வெளியூர்க்காரன், கல்யாணத்துக்குப் பிறகு இங்கே குடிவந்தவன். அவன் மனைவி கஜால் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி.

ஆறாம் நாள் விடிந்தபோது, ஊர் இடுகாடான மையவாடியின் ஓரத்தில் பெயரில்லாத ஒரு புதுக் கபர் இருந்தது. யாரைப் புதைத்தார்கள் என்று எவரும் சொல்லவில்லை.

முதல் வியாழக்கிழமை இரண்டு பெண்களும் அங்கே சண்டை போட்டார்கள்.

"உங்கள் கல்லை அங்கே வைக்காதீர்கள். அது என் புருஷன் மார்பு."

"ஒரு வருஷம் குடித்தனம் செய்தவள் நீ. நான் இருபத்திரண்டு வருஷம் ரொட்டி சுட்டுப் போட்டவள். தள்ளிப் போ."

அடுத்த வியாழன் சண்டையிடத் தெம்பில்லை. அதற்கடுத்த வியாழன் ஒரே பிளாஸ்கிலிருந்து தேநீர் குடித்தார்கள். கஜால் தன் கல்யாணக் கதையைச் சொன்னாள்.

"எல்லாரும் கைகோத்து ஆடுகிறார்கள், மாப்பிள்ளை மட்டும் நாற்காலியில்! பத்து நாள் முன்னால்தான் குடல்வால் ஆபரேஷன். சிரித்தால் தையல் பிரிந்துவிடும் என்று டாக்டர் மிரட்டியிருந்தார். இந்த மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், தாயா."

தாயா என்றால் அவர்கள் மொழியில் அம்மா. அந்தச் சொல் காதில் விழுந்து ரூனாக்குக்கு மூன்று வாரமாகியிருந்தது.

திங்கட்கிழமைகளில் இருவரும் பஸ் ஏறி நகரத்துச் சிறைவாசலுக்குப் போனார்கள். ரத்த சொந்தமோ மனைவியோ கேட்டால்தான் அங்கே பதில் கிடைக்கும். நான்காவது வாரம் வாசல் காவலன், கணவனுக்கென்று கஜால் கொண்டுவந்த மாற்றுத்துணிப் பையை வாங்கி உள்ளே வைத்தான். ரூனாக்கின் பையைத் திருப்பிக் கொடுத்தான். "இந்தப் பெயரில் யாரும் இல்லை."

வரும் வழியெல்லாம் கஜால் வயிற்றைத் தடவிக்கொண்டே வந்தாள். ரூனாக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்படியானால் கபரில் இருப்பது ஹேமின்தான் என்று இருவருக்கும் தோன்றியது. அதன் பிறகு கஜால் வியாழன்தோறும் வந்தது ரூனாக்குக்குத் துணையாக மட்டும்தான். ரூனாக்கோ, பதில் தெரிந்தும், திங்கள்தோறும் பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

முப்பத்தெட்டாம் நாள் நண்பகலில், இறந்தவர் உடலைக் குளிப்பாட்டும் ஸாலெஹ் அவள் வீட்டுக்கு வந்தார்.

"ரூனாக் அம்மா, கதவைச் சாத்துங்கள்."

"இத்தனை நாள் தெருவில் என்னைக் கண்டால் சந்துக்குள் நுழைந்தீர்கள். இன்றைக்குக் கதவையே சாத்தச் சொல்கிறீர்களே. உட்காருங்கள் முதலில்."

அவர் உட்காரவில்லை. "அன்று குளிப்பாட்டியது நான்தான். தலைத் துணியை அவிழ்க்க விடவில்லை. யாரிடமும் பேசமாட்டேன் என்று கையெழுத்து வாங்கினார்கள், துப்பாக்கியை விலாவில் வைத்து. தல்கீன் சொல்லவும் விடவில்லை."

தல்கீன் என்பது அடக்கம் முடிந்ததும் தலைமாட்டில் உட்கார்ந்து, இறந்தவரை இன்னாருடைய மகனே என்று தாயின் பெயர் சொல்லி அழைத்து, கபருக்குள் வானதூதர் வந்து விசாரிக்கும்போது சொல்ல வேண்டியதை நினைவூட்டுவது.

"நாற்பதாம் நாளுக்குள் அதைச் சொல்லிவிட வேண்டும். பெயர் தெரியாமல் எனக்குத் தூக்கமில்லை. வயிற்றின் வலப்பக்கம் தையல் தழும்பு இருந்தது. கஜாலிடம் கேட்டேன். தன் புருஷன் உடம்பில் ஒரு கீறல் கிடையாது என்று சத்தியம் செய்தாள். அப்படியானால் உங்கள் மகன்தானா?"

ஹேமினின் வயிற்றில் தழும்பு எதுவும் இல்லை. கபரில் இருப்பது குடல்வால் தையல் போட்ட சீவான் என்று ரூனாக்குக்குப் புரிந்தது. இறந்தவனுக்குப் பை வாங்கும் காவலனின் வாக்குக்கு என்ன மதிப்பு? ஹேமின் இல்லை என்று சொன்னவனும் அவன்தானே. ஹேமின் எங்கோ உயிரோடு இருக்கலாம்.

இல்லை என்று சொன்னால் ஸாலெஹ் நேரே கஜாலிடம் போவார். அவளுக்கு இது எட்டாம் மாதம். ஆமாம் என்றால் ஊர் துக்கம் கேட்க வரும், உளவாளிகள் வழியாகச் செய்தி சிறைவாசலுக்கும் போகும், பிறகு அங்கே ஹேமினைக் கேட்டு நிற்க முடியாது.

"ஆமாம்" என்றாள். "என் மகன்தான். பெயர் ஹேமின். தாய் ரூனாக்."

வியாழனன்று ஸாலெஹ் தலைமாட்டில் உட்கார்ந்து, "ரூனாக்கின் மகனே, ஹேமினே" என்று மெல்லிய குரலில் மூன்று முறை அழைத்தார். கஜால் மதிலோரம் நின்றாள். எல்லாம் முடிந்ததும் வந்து ரூனாக்கின் கையை முத்தமிட்டாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் கஜால் கதவைத் தட்டினாள்.

"வரவில்லையா, தாயா?"

"எனக்கு இனி அங்கே என்ன வேலை, கண்ணே? நீ போய் வா. வழுக்கும், பார்த்து நட."

ஸாலெஹ் கொடுத்த வாக்கை மீறினார். கஜால் தன் கணவனை மறுத்தாள். ரூனாக் தன் மகனை இறந்தவன் என்றாள். இதில் யார் செய்தது சரி?

என் தீர்ப்பை முதலில் சொல்லிவிடுகிறேன், உங்களுடையது வேறாக இருக்கலாம்: ஸாலெஹ் செய்ததுதான் சரி. விலாவில் துப்பாக்கி வைத்து வாங்கியது வாக்கே அல்ல. இறந்தவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யத்தான் அவர் உயிரைப் பணயம் வைத்தார். கஜால் மறுத்தது தவறு, ஆனால் பிள்ளை பிறந்த பிறகு அவளே வந்து சீவானின் பெயரைச் சொல்லலாம், இறந்தவன் காத்திருப்பான். ரூனாக்கின் இரக்கத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் மூவரில் பெரிய பிழை அவளுடையது. ஹேமின் உயிரோடு இருந்தால், அவனைக் கேட்டு அந்த வாசலில் நிற்க உலகத்திலேயே ஒருத்திதான் இருந்தாள். ஸாலெஹைக் காட்டிக்கொடுக்காமல் அந்தப் பொய்யை அவள் இனி எப்படித் திருப்பி எடுப்பாள் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு வழி தெரியவில்லை.