விரல் நுனியில் பட்ட பந்து

கோவில்பட்டிப் பக்கத்து மகளிர் கல்லூரி ஒன்றில் செண்பகவல்லி வாலிபால் பயிற்சியாளர். ஏழு வருடமாகக் கல்லூரிகளுக்கு இடையிலான கோப்பையில் அவள் அணி இறுதிப் போட்டி வரைக்கும் போகும். அங்கே தோற்றுத் திரும்பும். "இந்த முறையும் வெறுங்கையோடு வந்தால் வேறு ஆள் பார்க்கவேண்டியிருக்கும்" என்று முதல்வர் நயமாகச் சொல்லிவிட்டார்.

இருந்தும் ஜூன் மாதம், பயிற்சி தொடங்கிய முதல் நாள், அவள் அணிப் பெண்களிடம் சொன்னது ஒன்றுதான்: "தோத்தாலும் பரவாயில்லை. களத்துல பொய் கூடாது."

இறுதிப் போட்டியும் வந்தது. கடைசி செட். எதிரணி பதினான்கு, இவர்கள் பதின்மூன்று. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் அவர்களுக்குக் கோப்பை. முந்தைய இரண்டு புள்ளிகளுக்கும் இவள் அணிப் பெண்கள் நடுவரோடு மல்லுக்கு நின்றிருந்தார்கள். செண்பகவல்லி ஆட்டத்தை நிறுத்தி அவர்களை அழைத்தாள்.

"நடுவர் என்ன சொன்னாலும் ஒருத்தியும் வாயைத் திறக்கக் கூடாது."

அடுத்த பந்தை எதிரணிப் பெண் ஓங்கி அடித்தாள். இரண்டாமாண்டு மாணவி ரெஜினா வலையருகே எகிறித் தடுக்கப் பார்த்தாள். பந்து அவளைத் தாண்டிக் கோட்டுக்கு வெளியே விழுந்தது. 'அவுட்' என்று நடுவர் இவர்களுக்குப் புள்ளி தந்தார். பதினான்குக்குப் பதினான்கு!

ஆனால் பந்து ரெஜினாவின் விரல் நுனியை உரசிவிட்டுத்தான் போயிற்று. தடுப்பவர் கையில் பட்டு வெளியே போனால், பந்தை அடித்தவர்களுக்கே புள்ளி. பெஞ்சிலிருந்து செண்பகவல்லி அதைக் கண்டாள். களத்தில் ரெஜினாவின் பக்கத்தில் நின்ற கேப்டன் துளசிமணியும் கண்டாள். ரெஜினாவின் கை மெல்ல உயர்ந்தது.

"ஏ, சும்மா இருடி" என்று துளசிமணி பல்லைக் கடித்தாள்.

"சார், என் கையில பட்டுச்சு."

நடுவர் திகைத்தார், பிறகு புள்ளியை மாற்றினார். ஆட்டம் முடிந்தது.

 துளசிமணிக்கு இது கடைசி வருடம். கோப்பையோடு வரும் சான்றிதழை நம்பித்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். கல்லூரி வாசலில் வேனை விட்டு இறங்கியதும் அவள் வெடித்தாள்.

"வாயைத் திறக்காதேன்னு நீங்க சொன்னீங்க மேடம். பன்னிரண்டு பேர் உழைப்பை இவ ஒருத்தியா தூக்கிக் கொடுத்துட்டா. இனி இவ டீம்ல இருக்கக் கூடாது."

ரெஜினா அழவில்லை. "பொய் கூடாதுன்னும் நீங்கதான் சொன்னீங்க. நான் எதைக் கேட்டிருக்கணும் மேடம்?"

செண்பகவல்லிக்கு இவள் பேச்சும் நியாயமாகப் பட்டது, அவள் பேச்சும் நியாயமாகப் பட்டது. இரண்டுக்கும் அடியில் வேறொன்று அவளைக் குடைந்தது. நடுவர் 'அவுட்' என்ற கணத்தில், யாரும் கவனித்திருக்கக் கூடாதே என்று அவள் மனம் கடவுளிடம் கெஞ்சியிருந்தது.

"நாளைக்குச் சொல்றேன்" என்று நகர்ந்துவிட்டாள்.

நீங்களே சொல்லுங்கள். பயிற்சியாளர் சொல்லைத்தான் இருவருமே பிடித்துக்கொண்டார்கள். இதில் யார் செய்தது சரி? பிழை யாருடையது?

விடை: ரெஜினா செய்ததே சரி. வாயைத் திறக்காதே என்றது நடுவரோடு வழக்காடாதே என்பதற்கு. நமக்குச் சேராத புள்ளியை வைத்துக்கொள் என்பதற்கல்ல. துளசிமணி நெஞ்செரிந்து பேசினாள். அவள் இழப்பு பெரியது. பிழை, கண்டும் காணாததுபோல் பெஞ்சில் இருந்தவளுடையது. மறுநாள் செண்பகவல்லி யாரையும் நீக்கவில்லை. அணியின் முன் நின்று, "நானும் பார்த்தேன். முதல்ல கை தூக்கியிருக்க வேண்டியவ நான்" என்றாள். துளசிமணி, "இதை நேத்து வாசல்லயே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றாள்.