கவுன்சிலரின் மண்சோறு

பழைய பேட்டரி கம்பெனியை இடித்த மனையில் குழந்தைகளுக்குப் பூங்கா வரப்போகிறது என்று எங்கள் வார்டு கவுன்சிலர் தணிகாசலம் அறிவித்தார். அவருக்கு வேதியியல் தெரியாது, அதட்டத் தெரியும். மண்ணைப் பரிசோதித்த நகராட்சி ஆய்வாளர் குமுதவல்லி, விஷமான ஈயம் எக்கச்சக்கம் என்றதும் அவள் மேல் பாய்ந்தார்.

"ஈயமே இல்லைன்னு எழுதும்மா. நாளைக்குப் பூமி பூஜைக்கு ரிப்போர்ட்டோட வா. இல்லேன்னா உனக்கு வேலை இருக்காது."

"சரிங்க சார்" என்று போய்விட்டாள்.

மறுநாள் வார்டே கூடியிருந்தது. "தங்கமான மண்ணு! என்ன குமுதா?" என்று மைக்கில் முழங்கினார் தணிகாசலம்.

"சார், தேர்தல்ல ஜெயிச்சா மண்சோறு சாப்பிடறேன்னு அம்மனுக்கு வேண்டிக்கிட்டீங்களே! கோயில்ல இப்போ தரையெல்லாம் டைல்ஸ். இவ்வளவு சுத்தமான மண்ணு வேற எங்க கிடைக்கும்? இங்கேயே சாப்பிடுங்க. உடனே கையெழுத்துப் போடறேன்."

கூட்டம் கைதட்டியது. யாரோ ஒரு புண்ணியவதி பிரசாதப் பொங்கலை அள்ளி மண்ணில் கொட்டியே விட்டாள். வேறு வழியில்லாமல் தணிகாசலம் மண்டியிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார்.

"ஐயையோ, வாயை வைக்காதீங்க!" என்று அவர் மனைவி ஓடிவந்தாள். "அத்தனையும் ஈயம்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க!"

மைக் அணைக்கப்படவில்லை. தெருக்கோடி வரை கேட்டது.

குமுதவல்லி பேனாவைத் திறந்தாள். "சார், நீங்க சொன்னதை எழுதவா, அக்கா சொன்னதை எழுதவா?"

"அக்கா சொன்னதை எழுது!" என்று கத்தியது கூட்டம். அதற்குப் பிறகு அவள் வேலையில் கைவைக்க யாருக்குத் துணிச்சல் வரும்?