நிற்காத பாட்டு

மலையடிவாரக் காட்டில் அடுத்தடுத்து மூன்று குளங்கள். மூன்றிலும் தவளைகள். ஒரு குளத்துக்காரன் இன்னொரு குளத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான். சாரைப்பாம்புக்கு இது கொண்டாட்டம். இன்றைக்கு இந்தக் குளம், நாளைக்கு அந்தக் குளம் என்று முறைவைத்துத் தின்றது.

செம்புள்ளி என்ற தவளைக்கு இது பொறுக்கவில்லை. தம்பி தவிடனைக் கூட்டிக்கொண்டு மூன்று குளமும் ஏறி இறங்கினான். "மூன்றும் ஒரே நாடு! தாமரை இலை கொழுத்தவர்களுக்கு மட்டும் சொந்தமா? இனி எல்லோருக்கும் பொது!" என்றான். சும்மா சொல்லக்கூடாது, சொன்னதைச் செய்தும் காட்டினான். சேற்றில் கிடந்த நோஞ்சான்கள் இலைமேல் உட்கார்ந்து பூச்சி பிடித்தார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். "மழை விட்டதும் மூன்று குளமும் ஒரே பாட்டைப் பாட வேண்டும். நடுவில் நிறுத்துகிறவன் நாட்டுத் துரோகி" என்று அடுத்த உத்தரவு போட்டான்.

மூன்றாம் குளத்துப் பாசியம்மாள் கேட்டாள்: "ஏன்பா, பாம்பைப் பார்த்தவன் பாட்டை நிறுத்துவான். அது கேட்டுத்தானே மற்றவர்கள் தண்ணீரில் குதிக்கிறோம்? நிறுத்தவே கூடாது என்றால் எப்படித் தெரியும்?"

"மூன்று குளம் சேர்ந்து கத்தினால் பாம்பு கிட்டே வருமா அக்கா? பயந்தாங்கொள்ளி மாதிரி பேசாதீர்கள்" என்றான் செம்புள்ளி.

மறுநாள் மாலை மழை விட்டது. பாட்டு காட்டையே இரண்டாக்கியது. செம்புள்ளிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. பக்கத்து இலையில் தவிடனின் குரல் நடுங்கியது. சந்தோஷத்தில் தம்பிக்குத் தொண்டை அடைக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

திரும்பிப் பார்த்தபோது தவிடனின் பின்னங்கால்கள் சாரையின் வாயில் இருந்தன. அப்போதும் அவன் பாடிக்கொண்டிருந்தான். பாம்பு வருவதை முதலிலேயே பார்த்துவிட்டான். ஆனால் அண்ணன் வாயால் துரோகி என்று கேட்க அவனுக்கு மனமில்லை.

செம்புள்ளி வாயை மூடினான். அது கேட்டு முதல் குளம் நிறுத்தியது, அதைக் கேட்டு அடுத்த குளம், அதற்கடுத்த குளம். எல்லோரும் தண்ணீருக்குள் போய்விட்டார்கள். சாரைக்கு அன்று கிடைத்தது தவிடன் ஒருவன்தான்.

அதற்குப் பிறகும் தாமரை இலைகள் பொதுவாகவே இருந்தன. பாட்டும் இருந்தது. ஆனால் எந்தக் குளத்தில் எந்த நோஞ்சான் நிறுத்தினாலும் மூன்று குளமும் நிறுத்தும். பாட்டில் தவிடன் பெயரைச் சேர்க்கலாம் என்று சிலர் சொன்னார்கள். செம்புள்ளி வேண்டாம் என்றுவிட்டான்.

ஒருவன் பயந்து நிறுத்தினால் எல்லோரும் நின்று ஏனென்று கேட்கிற இடத்தில்தான் ஒற்றுமை நிலைக்கும்.