யானைக் காட்டுக்கு ஏற்ற வண்டி

மில் முதலாளி நாச்சிமுத்து டிரைவர் ஆறுச்சாமியிடம் காலையிலேயே சொல்லிவிட்டார். "வீட்டாளுக எட்டுப் பேரும் உட்காரோணும், எண்ணெயும் கொஞ்சமாக் குடிக்கோணும். புது வண்டியை நீயே பார்த்துச் சொல்லு. குலதெய்வக் கோயிலுக்குப் போறப்ப யானைக் காட்டுல நின்னுச்சுன்னா, அன்னியோட உனக்கு வேலை இல்லை."

போன வருசம் பழைய வண்டி எண்ணெய் தீர்ந்து அங்கேதான் நின்றது. குழந்தைகளின் வாயைப் பொத்திக்கொண்டு, மூங்கில் முறிகிற சத்தத்தைக் கேட்டபடி எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். 'தாயே, நீதான் துணை' என்று வேண்டிக்கொண்டே ஆறுச்சாமி முதலாளியின் பின்னால் ஷோரூமுக்குள் நுழைந்தான்.

மேனேஜர் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. "பெட்ரோல் வண்டியே எடுத்துக்கங்க சார். டீசல் வண்டி குடுக்கிற மைலேஜை இதுவும் குடுக்கும். டிரைவருக்கு என்ன தெரியும்?"

முதலாளி தலையாட்டினார். ஆறுச்சாமி மெல்லச் சொன்னான்.

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே சார். ரெண்டுலயும் ஒரே அளவு ஊத்திக் கோயிலுக்குப் போயிட்டு வந்துரலாமுங்க. வழியில யானைக் காடு, பங்க் கிடையாது. டீசல் வண்டியில நாங்க வர்றோம். பெட்ரோல் வண்டியில நீங்க சம்சாரம், குழந்தைகளோட முன்னால போங்க."

மேனேஜர் முகம் வெளிறியது. "குழந்தைங்க எதுக்குப்பா?"

"எங்க குழந்தைகளும் வருதுங்களே சார்."

மேனேஜர் டையைத் தளர்த்திக்கொண்டார். "காட்டு வழின்னு முன்னாடியே சொல்லக் கூடாதா? டீசலே எடுத்துக்கங்க."

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, டீசல் வண்டிக்கே சொல்லிவிட்டார்.

வண்டி வந்த அன்று ஆறுச்சாமி முதலாளியையும் ஏற்றிக்கொண்டு நேரே பங்குக்கு ஓட்டி, டேங்க் முழுக்க நிரப்பச் சொன்னான்.

"கொஞ்சமாக் குடிக்கிற வண்டிதானேடா, எதுக்கு இத்தனை?" என்றார் முதலாளி.

"யானைக்கு அது தெரியாதுங்களே, ஐயா."