வாகை மரத்தடியில் கூடிய சபை

ஏரிக்கரைக் காட்டில் ஒரு வாகை மரம் நின்றது. பார்வைக்கு என்னவோ வாட்டசாட்டமான மரம்தான். ஆனால் உள்ளே எல்லாம் உளுத்துப் போயிருந்தது. அடிமரத்தில் கரையான், பட்டை நெடுகக் காளான். போதாததற்கு மரமே தெற்குப் பக்கம் சாய்ந்திருந்தது. அந்தத் தெற்குப் பக்கத்துப் புல்லில்தான் ஒரு கௌதாரி முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது.

காற்று அடிக்கும்போதெல்லாம் மரம் 'கிறீச்' என்றது. கௌதாரி அண்ணாந்து பார்க்கும். தான் பறந்து தப்பிவிடலாம். முட்டைகள் எப்படிப் பறக்கும்?

"நீங்க கொஞ்சம் அடையில உட்காருங்க. நான் போய் இதுக்கு ஒரு வழி பண்ணாம திரும்ப மாட்டேன்!" என்று கணவனிடம் சொல்லிவிட்டு, நேரே யானையிடம் போனது.

"யானை அண்ணே, அந்த வாகையை வடக்குப் பக்கமா சாய்ச்சு விடுங்க! என் முட்டைங்க பிழைச்சுக்கும்."

யானை தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டது. "போன கோடையில முதுகு அரிக்குதுன்னு நல்ல நல்ல மரத்தையெல்லாம் சாய்ச்சேன். அதனாலதான் சட்டமே வந்துச்சு. சபை உத்தரவு இல்லாம நிக்கிற மரத்தைத் தொட மாட்டேம்மா!"

சட்டம் நல்ல சட்டம்தான். கௌதாரியே அன்று இறக்கையைத் தூக்கி ஆதரித்த சட்டம். ஆகவே அது யானையோடு மல்லுக்கட்டாமல் மலைப்பாறைக்குப் பறந்தது. சபைத் தலைவரான கரடியும், சட்டம் சொல்லும் நரியும் அங்கேதான் எப்போதும் உட்கார்ந்திருப்பார்கள்.

"நோய் பிடிச்ச மரம்னு யார் சொன்னது?" என்று நரி கேட்டது. "முதல்ல மரங்கொத்தி தட்டிப் பார்க்கணும்!"

கௌதாரி மரங்கொத்தியைக் கையோடு அழைத்துப் போனது. தட்டிப் பார்த்த மரங்கொத்தி நரியிடம் வந்து, "உள்ளே வெறும் பொந்து! எந்தக் காத்துக்கும் விழும்!" என்றது.

"சரி. மரத்துல குடியிருக்கிறவங்களுக்குச் சொல்லியாச்சா?"

கௌதாரி மறுபடியும் ஓடியது. கிளை கிளையாகப் போய்ச் சொன்னது. ஆந்தை முணுமுணுத்துக்கொண்டே பொந்தைக் காலி செய்தது.

"எல்லாம் முடிஞ்சுது! உத்தரவு போடுங்க, தலைவரே!"

கரடி கொட்டாவி விட்டது. "அடுத்த கூட்டத்துல பார்ப்போம். இத்தனை காலம் நின்ன மரம் இன்னும் கொஞ்ச நாள் நிக்காதா?"

கௌதாரிக்கு அப்படியொரு கோபம் வந்தது. பாறைமேல் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன அவசரம்! ஆனால் கத்தினால் காரியம் கெட்டுவிடும் என்று கோபத்தை விழுங்கிக்கொண்டு, நரியிடம் திரும்பியது.

"நரியாரே, சபை இந்தப் பாறையிலதான் கூடணும்னு சட்டம் இருக்கா?"

"இல்லையே. தலைவர் எங்கே உட்கார்றாரோ, அதுதான் சபை."

"அப்படின்னா தலைவரே, அந்த வாகையடியில கொழுகொழுன்னு கரையான் மொய்க்குது. அங்கே வந்து உட்காருங்களேன்!"

"கரையானா!" கரடி துள்ளி எழுந்தது. "இதை முதல்லயே சொல்லக் கூடாதா? கூட்டம் அங்கேதான்! யானையையும் வரச் சொல்லுங்க!"

கரடி வாகையடியில் தெற்குப் பக்கமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்தது. புற்றில் மூக்கை விட்டு உறிஞ்சியது. கௌதாரி தன் முட்டைகளை ஒட்டி உட்கார்ந்துகொண்டது. அங்கிருந்து நகரவே இல்லை.

"ஆகா, என்ன ருசி! இந்த மரத்துக்கு என்னம்மா குறை?"

காற்று எழும்பியது. கிறீச்! மேலேயிருந்து ஒரு பெரிய கிளை முறிந்து, கரடியின் மூக்குக்கு முன்னால் தொப்பென்று விழுந்தது.

"ஐயோ, அம்மா!" கரடி உருண்டு புரண்டு புதருக்குள் விழுந்தது. "தள்ளு! உடனே தள்ளு! யானையே, என்ன வேடிக்கை பார்க்கிறே?"

"அடுத்த கூட்டத்துலன்னு சொன்னீங்களே, தலைவரே?" என்றது நரி.

"இதுதான்யா அடுத்த கூட்டம்!"

யானை முட்டைகளை மிதித்துவிடாமல் சுற்றி வந்து, நெற்றியை மரத்தில் வைத்து அழுத்தியது. "வடக்குப் பக்கமா அண்ணே! வடக்குப் பக்கமா!" என்று கத்தியபடி கௌதாரி முட்டைகள்மேல் இறக்கையை விரித்துக்கொண்டது. மரம் வேரோடு வடக்கே சாய்ந்தது. புழுதி அடங்கியபோது ஒரு முட்டையில்கூட விரிசல் இல்லை. கௌதாரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கரடி உடம்பைத் தட்டிக்கொண்டு வந்தது. "போதுமாம்மா? வேற ஏதாவது உண்டா?"

"உண்டு, தலைவரே! விழப்போற மரத்தைப் பத்தி யார் வந்து முறையிட்டாலும், இனிமே அந்த மரத்தடியில உட்கார்ந்துதான் விசாரிக்கணும். இதையும் சட்டத்துல சேர்த்துடுங்க!"

கரடி ஒருமுறை அண்ணாந்து பார்த்தது. மேலே வெறும் வானம்தான் இருந்தது. ஆனாலும் மறுபேச்சில்லாமல் தலையாட்டியது. அதற்குப் பிறகு அந்தக் காட்டில் நோய் பிடித்த மரத்துக்கான உத்தரவு தாமதமானதே இல்லை. மரங்கொத்தி தட்டி முடித்து, குடியிருப்பவர்கள் இறங்கியதுதான் தாமதம், மரத்தடியில் உட்கார்ந்து விசாரிக்கப் பயந்து கரடி உடனே உத்தரவு போட்டுவிடும்.

தன் தலைக்குமேல் ஆபத்து நின்றால் எத்தனை வேகமாக ஓடுவோமோ, அடுத்தவர் தலைக்குமேல் அது நிற்கும்போதும் அத்தனை வேகமாக ஓடி வர வேண்டும்.